கிணற்றடிக் கருவிக்கும் பூட்டு வேண்டும்

பாலாற்றங்கரையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வட்டாரங்களில் வாழும் உழவர் பெருமக்கள் ஒரு கிணற்றைப் பற்றி விசாரிக்கும்போது, "தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது?" என்று மட்டும் கேட்பதில்லை. "தண்ணீர் எவ்வளவு உப்பு?" என்றும் கேட்கிறார்கள். தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் பல ஆண்டுகள் நிலத்திலும் ஆற்றிலும் கலந்ததன் விளைவு இது.

இக்குறையைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் நடத்திய முதற்கட்டக் கணக்கெடுப்பின்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகி விட்டது என்று அத்தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு முழுவதும் சேர வேண்டும் என்றும், அத்தொகையை மாசு ஏற்படுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது.

ஆகவே இவ்வட்டாரத்தில் கிணற்று நீரின் அளவீடு என்பது பயிருக்கு மட்டும் உரிய செய்தியன்று. உழவரின் உரிமைக்கும் உரிய செய்தியாகும். அந்த அளவீட்டை எடுக்கவும், அதற்கேற்ப மோட்டாரை இயக்கவும் சிறு மின்னணுக் கருவிகள் இப்பொழுது கிடைக்கின்றன. அக்கருவிகளைக் கைபேசியுடன் இணைக்கும் கம்பியில்லா இணைப்பைச் சரியாகவும் பாதுகாப்பாகவும் அமைத்துக் கொள்ளும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

கருவியின் அமைப்பு

கிணற்றடிக் கருவியில் பொதுவாக மூன்று பாகங்கள் உள்ளன. முதலாவது, நீரில் மூழ்கியிருக்கும் உணர்முனை. இது நீரின் மின்கடத்தும் திறனை அளக்கிறது. நீரில் உப்பு கூடக் கூட மின்கடத்தும் திறனும் கூடும். இரண்டாவது, மோட்டார் ஸ்டார்ட்டரை இயக்கவும் நிறுத்தவும் உதவும் ரிலே. மூன்றாவது, இவ்விரண்டையும் ஆளும் சிறு கணினிச் சில்லு.

இக்கருவிகள் பலவற்றில் இ.எஸ்.பி.32 என்னும் சில்லு பயன்படுத்தப்படுகிறது. ஷாங்காய் நகரைச் சேர்ந்த எஸ்பிரஸிஃப் நிறுவனம் இதை 2016-ஆம் ஆண்டு வெளியிட்டது. இதற்கு முந்தைய இ.எஸ்.பி.8266 என்னும் சில்லு 2014-ஆம் ஆண்டு வெளிவந்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய தகட்டில் கணக்கிடும் பகுதி, நினைவகம், வைஃபை வானொலி ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதே இவற்றின் சிறப்பு. இங்கு கூறப்படும் முறைகள் இச்சில்லுகள் உள்ள கருவிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மற்றக் கருவிகளிலும் திரையும் எண்களும் சிறிது மாறுமேயன்றி, அடிப்படை ஒன்றேயாகும்.

வயலில் இணைய வசதி இல்லாவிட்டாலும் இக்கருவி இயங்கும். எவ்வாறெனில், கருவியே ஒரு சிறு வைஃபை நிலையமாக மாறித் தன் பெயரை வானொலி அலையில் அறிவித்துக் கொண்டிருக்கும். இதற்கு அணுகுமுனை, அதாவது ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர். நமது கைபேசி அந்நிலையத்தில் சேர்ந்தவுடன் கருவியின் பக்கம் கைபேசித் திரையில் தோன்றும். அப்பக்கத்தில் உப்பளவைப் பார்க்கலாம், வரம்பை மாற்றலாம், மோட்டாரை இயக்கலாம்.

இந்த வசதியிலேயே ஆபத்தும் உள்ளது. அலை வேலியைத் தாண்டிச் செல்லும். திறந்த வெளியில் பல பத்து மீட்டர் தூரம் வரை எட்டும். தோப்பை ஒட்டிய வண்டிப்பாதையில் நிற்பவர் கைபேசியிலும் கருவியின் பெயர் தெரியும். பூட்டு இல்லையெனில் அவரும் உள்ளே வரலாம்.

பூட்டாவிட்டால் நேரும் நட்டம்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் உழவருக்கு இரண்டு கிணறுகள் உள்ளன. ஒன்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1.0 டெசிசைமன், மற்றொன்றின் அளவு 4.0 டெசிசைமன். (பழைய ஆய்வறிக்கைகளில் காணும் மில்லிமோஸ் என்ற அலகும் இதுவும் ஒரே அளவே.) நல்ல நீர் மூன்று பங்கும் உப்பு நீர் ஒரு பங்கும் கலந்தால் கலவை நீரின் அளவு ஏறக்குறைய 1.75 ஆகும். சமபங்காகக் கலந்தால் 2.5 ஆகிவிடும். பாசன நீரைத் தரம் பிரிக்கும் முறையில் 0.25-க்குக் கீழ் உப்பு மிகக் குறைவு, 0.25 முதல் 0.75 வரை நடுத்தரம், 0.75 முதல் 2.25 வரை அதிகம், 2.25-க்கு மேல் மிக அதிகம். எனவே அவர் கருவியில் 2.25 என்று வரம்பு வைத்திருக்கிறார். கலவை அதற்கு மேல் போனால் உப்புக் கிணற்று மோட்டார் தானே நின்றுவிடும்.

இப்பொழுது யாரோ ஒருவர், விளையாட்டாகவோ வேண்டுமென்றோ, கருவிக்குள் நுழைந்து 2.25 என்பதை 22.5 என்று மாற்றி விடுவதாக வைத்துக் கொள்வோம். ஒரு புள்ளிதான் இடம் மாறியது. ஆனால் அன்றிரவு முதல் உப்பு நீர் தடையின்றி நாற்றங்காலுக்குப் பாயும். நாற்றுப் பருவத்தில் நெல் உப்பைத் தாங்காது. நுனி கருகிய பின்னரே உழவர் விவரம் அறிவார்.

இரண்டாவது நட்டம் மோட்டாருக்கு. நீர் வற்றிய நேரத்தில் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பை வெளியார் நீக்கிவிட்டால், மோட்டார் வெறுமனே ஓடிச் சுருள் கருகிவிடும்.

மூன்றாவது நட்டம் பதிவேட்டுக்கு. உணர்முனையைத் திருத்தும் பக்கம் திறந்து கிடந்தால், காட்டும் எண்ணையே கூட்டவோ குறைக்கவோ முடியும். யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய கருவியின் அளவீட்டை, நாளை ஓர் அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ காட்டினால் அதற்கு மதிப்பிராது. முறையாகப் பூட்டிய கருவியின் எண்ணும், ஆய்வுக்கூட அறிக்கையும், தேதியிட்ட பதிவேடும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால்தான் உழவரின் சொல்லுக்கு வலுவுண்டு.

அமைக்கத் தொடங்கும் முன்

கருவியை ஸ்டார்ட்டருடன் இணைக்கும் முன்னரே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். மூன்றுமுனை மின் இணைப்பு வேலையைத் தேர்ந்த மின்பணியாளரிடமே விட வேண்டும். கம்பியில்லா இணைப்பை அமைக்கும் வேலையை உழவர் தாமே செய்வது நல்லது. ஏனெனில், கடவுச்சொல்லை, அதாவது பாஸ்வேர்டை, வைத்தவருக்கு அது தெரிந்தே இருக்கும்.

அருகில் வீடுகளும் கடைகளும் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்துக் கொள்ள வேண்டும். முதல் முறை அமைக்கும்போது சில கருவிகளில் இணைப்பு பூட்டின்றி இருக்கும். அப்பொழுது நாம் தட்டும் புதிய கடவுச்சொல்லும் மறைப்பின்றிக் காற்றில் செல்லும். தோப்பின் நடுவே அமைத்தால் ஒட்டுக் கேட்பவர் இருக்க மாட்டார். இது நகரத்தாருக்கு இல்லாத வசதியாகும்.

5 வோல்ட், குறைந்தது 1 ஆம்பியர் தரும் மின்வழங்கி தேவை. வானொலி அலை அனுப்பும் கணத்தில் இச்சில்லு சாதாரண நேரத்தைவிட மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். வலுவற்ற சார்ஜரில் கருவி அடிக்கடி அணைந்து எரியும்.

அமைக்கும் முறை

1. கருவிக்கு மின்சாரம் கொடுத்து, கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் கருவியின் பெயர் தோன்றும். அதைத் தொட்டு, பெட்டியின் மீதோ விளக்கத் தாளிலோ அச்சிட்டுள்ள கடவுச்சொல்லைத் தட்டிச் சேர வேண்டும்.

2. "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று கைபேசி எச்சரிக்கும். அதற்காக வெளியேறிவிடக் கூடாது. தொடர்ந்து இணைந்திருக்கச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். மொபைல் டேட்டாவைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பது அவசியம். இல்லையெனில் கைபேசி கருவியை விட்டு இணையத்தைத் தேடிப் போய்விடும்.

3. கைபேசியில் உலாவியைத் திறந்து, மேலேயுள்ள முகவரிக் கட்டத்தில் 192.168.4.1 என்ற எண்களைப் புள்ளிகளுடன் அப்படியே தட்ட வேண்டும். இ.எஸ்.பி. சில்லுகளுக்குத் தொழிற்சாலையில் வைக்கப்படும் வழக்கமான முகவரி இது. வேறு கருவியாயின் விளக்கத் தாளில் உள்ள முகவரியைத் தட்டவும்.

4. பக்கம் திறந்தவுடன் வைஃபை அமைப்புக்குச் செல்ல வேண்டும். முதலில் நிலையத்தின் பெயர். திரையில் இது எஸ்.எஸ்.ஐ.டி. என்று குறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலை வைத்த பெயரிலிருந்து கருவியின் வகை வெளியாருக்குத் தெரிந்துவிடும். ஆகவே மாற்ற வேண்டும். சொந்தப் பெயர், புல எண், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெயராக வைக்கக் கூடாது. "தோப்பு2" என்பது போன்ற பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தால் போதும்.

5. அடுத்து, பூட்டின் வகை. டபிள்யூ.பி.ஏ.2 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் விவரம் பின்னர் கூறப்படும்.

6. பின்னர் புதிய கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும்.

7. அடுத்து, சேனல். 1, 6, 11 ஆகியவை ஒன்றோடொன்று மோதாத சேனல்கள். அக்கம்பக்கத்தில் பிறர் பயன்படுத்தாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 12, 13 ஆகியவை சில கைபேசிகளுக்குத் தெரியாமல் போகலாம், தவிர்ப்பது நலம்.

8. ஒரே நேரத்தில் எத்தனை கைபேசிகள் சேரலாம் என்ற எண்ணிக்கை. இ.எஸ்.பி.32 சில்லில் இது வழக்கமாக 4 என்று இருக்கும். குடும்பத்தில் இருவர் பார்ப்பதாயின் 2 என்று குறைத்துவிடலாம்.

9. இவற்றைச் சேமித்துக் கருவியை மறுபடி இயக்க வேண்டும். புதிய பெயரில், புதிய கடவுச்சொல்லுடன் மீண்டும் சேர வேண்டும்.

10. இரண்டாவது பூட்டை இப்பொழுது மாற்ற வேண்டும். கருவியின் பக்கத்தைத் திறக்கவும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். பல கருவிகளில் இரண்டுமே "அட்மின்" என்றிருக்கும். வைஃபை பூட்டைப் போட்டு, மீண்டும் சேர்ந்த பிறகே இதை மாற்ற வேண்டும் என்பதற்குக் காரணமுண்டு. இக்கருவிகளின் பக்கங்கள் பெரும்பாலும் மறைப்பின்றியே செல்கின்றன. வைஃபை பூட்டு இருந்தால் அதுவே மறைப்பாக அமையும். இவ்விரண்டு கடவுச்சொற்களும் வெவ்வேறாக இருக்க வேண்டும்.

11. நிலையம் தானே மூடிக்கொள்ளும் நேரம் என்ற வசதி இருந்தால், 10 நிமிடம் என்று வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் மட்டும் நிலையம் திறந்து, 10 நிமிடத்தில் மூடிவிடும். திறந்திராத கதவில் யாரும் நுழைய முடியாது. எனவே இந்த வசதி உள்ள கருவியை வாங்குவது சிறந்தது.

12. இறுதியில் சோதனை. கடவுச்சொல் தெரியாத ஒருவரின் கைபேசியில் சேர முயன்று பார்க்க வேண்டும். பழைய கடவுச்சொல்லையும் தட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் கருவி இடம் கொடாவிட்டால் பூட்டு விழுந்துவிட்டது என்று பொருள்.

எந்தப் பூட்டு நல்லது?

திரையில் பல வகைப் பூட்டுகள் பட்டியலிடப்பட்டிருக்கும்.

"ஓப்பன்" என்பது பூட்டே இல்லாத நிலை. இதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

"டபிள்யூ.இ.பி." என்பது பழைய பூட்டு. இதிலுள்ள குறையை 2001-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். சில நிமிடங்களில் இதை உடைக்கலாம். பூட்டு இருப்பதாக நம்ப வைப்பதால் இது பூட்டில்லாத நிலையைவிட மோசமானது.

"டபிள்யூ.பி.ஏ." என்பது இடைக்காலத்திற்காக வந்த பூட்டு. இதையும் தவிர்க்க வேண்டும்.

"டபிள்யூ.பி.ஏ.2" 2004-ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. இதனுடன் ஏ.இ.எஸ். என்ற மறைப்பு முறை சேர்ந்திருக்க வேண்டும். இன்றைய கிணற்றடிக் கருவிகளுக்கு இது போதுமானது.

"டபிள்யூ.பி.ஏ.3" 2018-ஆம் ஆண்டு வந்தது. இதைவிட வலுவானது. கருவியும் குடும்பத்தார் கைபேசிகளும் ஏற்றுக்கொண்டால் இதையே வைக்கலாம். பழைய கைபேசி இருந்தால் சேராது.

"டபிள்யூ.பி.எஸ்." என்ற எளிய இணைப்பு வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். இதன் எட்டு இலக்க எண்ணை அதிகம் போனால் 11,000 முறை முயன்று கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-ஆம் ஆண்டு தெரிய வந்தது.

கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

விதை சரியில்லாவிட்டால் நிலத்தைப் பண்படுத்தியும் பயனில்லை. அதுபோல், கடவுச்சொல் எளிதாக இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2 பூட்டும் பயன் தராது. இதன் காரணத்தைத் தெரிந்து கொள்வது நல்லது.

கைபேசி கருவியுடன் சேரும் ஒவ்வொரு முறையும் இரண்டும் சில அடையாளச் செய்திகளைப் பரிமாறிக் கொள்கின்றன. கடவுச்சொல் அதில் நேராகச் செல்வதில்லை. ஆனால் அச்செய்திகளைப் பிடித்துக் கொண்டவர், தம் வீட்டுக்குச் சென்று, கணினியில் ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் பொருத்திப் பார்க்க முடியும். அவர் மீண்டும் கிணற்றடிக்கு வர வேண்டியதில்லை. எட்டு இலக்க எண் என்றால் மொத்தம் 10 கோடி வகைகளே உண்டு. மனிதருக்கு இது பெரிய எண். வேகமான கணினிக்கு ஒரு நாள் வேலைகூட அன்று. கைபேசி எண், வண்டி எண், பிள்ளைகள் பிறந்த தேதி ஆகியவற்றையோ ஊரார் முதலிலேயே ஊகித்துவிடுவர்.

இப்பூட்டின் கடவுச்சொல் 8 எழுத்துகளுக்குக் குறையாமலும் 63 எழுத்துகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஆங்கில விசையில் உள்ள எழுத்து, எண், குறிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களையும் ஓர் எண்ணையும் சேர்த்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். முறத்தின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு கிழமை, ஒரு பலகாரம் என்று எடுத்துக் கொள்ளலாம். பழமொழியையோ பாட்டின் அடியையோ வைக்கக் கூடாது, அவை ஊரறிந்தவை.

கடவுச்சொல்லை வீட்டில் பட்டா, பாஸ்புத்தகம் வைக்கும் பெட்டியில் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மோட்டார் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பது கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே மாட்டி வைப்பதற்குச் சமம்.

சில தவறான நம்பிக்கைகள்

"நிலையத்தின் பெயரை மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது" என்று சிலர் கருதுகின்றனர். மறைத்த பெயரையும், கைபேசி சேரும் கணத்தில் எளிய மென்பொருளால் அறியலாம்.

"என் கைபேசியை மட்டும் அனுமதிக்கும்படி அதன் அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டேன்" என்பர் சிலர். அவ்வெண்ணைப் போலியாக வைத்துக் கொள்வது கடினமன்று. மேலும், புதிய கைபேசிகள் அந்த எண்ணைத் தாமே மாற்றிக் கொள்வதால் உரிமையாளரே வெளியில் நிற்க நேரிடும்.

"இந்தச் சிற்றூரில் என் கருவியை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்பது மூன்றாவது நம்பிக்கை. இதற்கு விடை கூற 2016-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் குறிப்பிட வேண்டும்.

இணையத்துடன் இணைக்கும்போது

2016-ஆம் ஆண்டு மிராய் என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. இணையத்துடன் இணைந்த கண்காணிப்புக் கேமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரூட்டர்கள் ஆகியவற்றை அது தேடிச் சென்றது. அதனிடம் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைக்கப்படும் பெயர், கடவுச்சொல் இணைகள் ஏறக்குறைய 60 கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே இருந்தது. உரிமையாளர்கள் அவற்றை மாற்றாமல் விட்டிருந்ததால் இலட்சக்கணக்கான கருவிகள் அதன் கைக்குள் சென்றன. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவின் டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியதால், பல பெரிய இணையதளங்கள் சில மணி நேரம் திறக்க முடியாமற் போயின. ஆளைப் பார்த்து, ஊரைப் பார்த்து அது வரவில்லை. மாற்றாத கடவுச்சொல்லைப் பார்த்து வந்தது.

இதன் பின்னர் பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. நாமும் வாங்கும்போதே, "ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல் உண்டா? அதை மாற்ற முடியுமா?" என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மாற்ற முடியாத கருவியை வாங்கக் கூடாது.

வீட்டு இணையம் தோப்பு வரை எட்டுமாயின், கருவியை வீட்டு ரூட்டருடனும் இணைக்கலாம். அப்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

அ) ரூட்டரில் விருந்தினர் இணைப்பு என்ற வசதி இருந்தால், கருவியை அதில் சேர்க்க வேண்டும். வங்கிக் கணக்குப் பார்க்கும் கைபேசியும் கிணற்றடிக் கருவியும் ஒரே இணைப்பில் இருக்க வேண்டியதில்லை.

ஆ) வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் நேர்வழி திறந்துவிடுவதாக யாரேனும் கூறினால் சம்மதிக்கக் கூடாது. அது உலகம் முழுவதற்கும் திறந்த வழியாகும்.

இ) ரூட்டருடன் சேர்ந்தபின் கருவியின் சொந்த நிலையம் ரூட்டரின் சேனலுக்குத் தானே மாறிவிடும். ஒரே வானொலி இரண்டு வேலையையும் செய்வதே காரணம். இது கோளாறன்று. சொந்த நிலையம் தேவையில்லையெனில் அதை நிறுத்திவிடுவதே மேல்.

கருவிப் பெட்டியும் பதிவேடும்

வைஃபை பூட்டு எவ்வளவு வலுவானாலும், பெட்டிக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் கருவி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். எனவே பெட்டிக்கும் கொட்டகைக்கும் இரும்புப் பூட்டுப் போட வேண்டும். பெட்டி இரும்பாலானதாயின் அலை வெளியே வராது. ஆன்டெனாவை மட்டும் வெளியில் நீட்டி வைக்கலாம். அலையின் வலுவைக் குறைக்கும் வசதி இருந்தால், கொட்டகை வாசல் வரை எட்டும் அளவுக்குக் குறைத்து வைப்பது நல்லது.

வாரம் ஒரு முறை உப்பளவைத் தேதியுடன் மையால் நோட்டில் எழுதி வர வேண்டும். அப்போதே வரம்பு எண் மாறாமல் உள்ளதா என்றும், மோட்டார் ஓடிய நேரம் சரியா என்றும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை உணர்முனையை, 1.413 டெசிசைமன் அளவுள்ள சோதனைக் கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இது 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள அளவு. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் மாறும்.

ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நீர் மாதிரியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். மோட்டாரை 10 முதல் 15 நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் சுத்தமான புட்டியை அலசிய பின் மாதிரி எடுக்க வேண்டும். கிணற்றடிக் கருவி உப்பை மட்டுமே காட்டும். தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியத்தைக் காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடமே வழி.

கருவியைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும், விற்கும்போதும், நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதும், சேமித்துள்ள கடவுச்சொற்களை அழித்துவிட வேண்டும். வீட்டு ரூட்டரின் கடவுச்சொல்லும் சில்லின் நினைவகத்தில் பதிந்திருக்கும். திரும்பி வந்தபின் புதிதாக வைக்க வேண்டும். வேலையாள் மாறினாலும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். உற்பத்தியாளர் புதிய மென்பொருளை வெளியிட்டால், பாசனம் இல்லாத நாளில் அதை ஏற்ற வேண்டும்.

சில இடர்ப்பாடுகளும் தீர்வுகளும்

கருவியின் பெயர் பட்டியலில் தெரியவில்லை: நேரம் முடிந்து நிலையம் மூடியிருக்கலாம். பொத்தானை அழுத்திப் பார்க்கவும். கைபேசியை அருகில் கொண்டு செல்லவும்.

சேர்ந்தபின் பக்கம் திறக்கவில்லை: மொபைல் டேட்டாவை நிறுத்தவும். எண்களைத் தேடும் கட்டத்தில் தட்டாமல் முகவரிக் கட்டத்தில் தட்டவும்.

பெயர் தோன்றித் தோன்றி மறைகிறது: மின்வழங்கி வலுவற்றது. தரமானதை மாற்றவும்.

கடவுச்சொல் மறந்துவிட்டது: தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். ஆனால் அப்பொழுது பூட்டுகள் அனைத்தும் பழையபடி ஆகிவிடும். உணர்முனைத் திருத்தமும் அழியக்கூடும். எனவே உடனே அனைத்தையும் மீண்டும் அமைத்து, சோதனைக் கரைசலில் சரிபார்த்த பின்னரே மோட்டாருடன் இணைக்க வேண்டும்.

எண்கள் தாமே மாறியிருக்கின்றன: முதலில் மோட்டாரைக் கருவியிலிருந்து விலக்கிக் கையால் இயக்கவும். திரையைப் படம் எடுத்து வைத்த பின்னரே கடவுச்சொற்களை மாற்றவும். பிறர் கருவிக்குள் அனுமதியின்றி நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகும். தேவையெனில் காவல் நிலையத்தில் முறையிடலாம்.

முடிவுரை

கிணற்றைத் தோண்டியவர் வழியில் போகிறவர் விழாமலிருக்கச் சுவர் எழுப்புகிறார். மோட்டார் வைத்தவர் கொட்டகைக்குப் பூட்டுப் போடுகிறார். கம்பியில்லாக் கருவி வைப்பவரும் அதற்குரிய பூட்டைப் போடுவதே முறை. இதற்குச் செலவு ஏதுமில்லை. முதல் நாள் அரைமணி நேரமும், வாரம் ஐந்து நிமிடமும் போதும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுதல், டபிள்யூ.பி.ஏ.2 பூட்டு வைத்தல், நீண்ட கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுத்தல், தேவையற்ற நேரத்தில் நிலையத்தை மூடுதல், பதிவேடு எழுதுதல் ஆகிய ஐந்தையும் தவறாது கடைப்பிடித்தால், நாற்றும் மோட்டாரும் காக்கப்படும். பாலாற்றங்கரை உழவர் பெருமக்கள் தம் கிணற்று நீரைப் பற்றிக் கூறும் கணக்கையும் யாரும் எளிதில் மறுக்க இயலாது.